நாடகம் எழுதியதற்காக கர்ப்பிணிக்கு சிறை... சொந்த நாட்டுக்குள் 34 ஆண்டுகள் வர முடியாத பாடகி! யார் இந்த மார்த்தா ஜான்-குளோத்?

1952-ம் ஆண்டு. கரீபியன் கடலில் உள்ள குட்டி நாடான ஹைதியில் நிறைமாத கர்ப்பிணி ஒருவர் சிறையில் இருக்கிறார். அவர் செய்த குற்றம்? ஒரு நாடகம் எழுதியது. அவ்வளவுதான்!

அவர்தான் மார்த்தா ஜான்-குளோத். ஹைதி மக்களின் மண்ணிசையை நாடு கடந்து கொண்டு போனவர்.

பாட்டு பாடினால் என்ன பிரச்னை?

1919-ல் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர் மார்த்தா. தேவாலயப் பாடகர் குழுவில்தான் முதலில் பாட ஆரம்பித்தார். ஆனால், அவர் மனசு போனது கிராமத்து மக்களின் பாட்டு பக்கம்.

ஹைதியில் சாமானிய மக்கள் பேசுவது கிரியோல் மொழி. ஆனால் அரசு, பள்ளிக்கூடம், நீதிமன்றம் எல்லாமே அப்போது பிரெஞ்சில்தான். கிரியோல் பேசினால் படிக்காதவர் என்று பார்க்கும் காலம் அது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் காப்பாற்றி வைத்த வூடூ வழிபாட்டுக்கும் இதே கதிதான். ஹைதி மண்ணிசையின் வேர் அந்த வழிபாட்டு மேளத்தில்தான் இருக்கிறது. 1941, 42-ல் மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் கத்தோலிக்க திருச்சபை நடத்திய இயக்கத்தில், வழிபாட்டு மேளங்களே தீ வைத்து எரிக்கப்பட்டன.

அதே 1940-களில்தான் மார்த்தா அந்தத் தாளத்தையும் கிரியோல் பாட்டையும் நகரத்து மேடைக்குக் கொண்டு வந்தார்.

சிறையும் பிரசவமும்

1952-ல் அவருடைய 'அவ்ரினெட்' நாடகம் வெளியானது. அது அரசுக்கு எதிரானது என்று முடிவு செய்தது அதிபர் பால் மக்ளுவார் ஆட்சி. வயிற்றில் குழந்தையோடு மார்த்தா சிறைக்குப் போனார். அந்த ஆண்டு டிசம்பரில் விடுதலை. வெளியே வந்த சில நாட்களிலேயே குழந்தை பிறந்தது.

இனி இங்கே இருக்க முடியாது என்ற நிலை. கணவர் விக்டர் மிராபல் கியூபாவைச் சேர்ந்த பத்திரிகையாளர் என்பதால், மார்த்தாவும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

கியூபாவில் என்ன செய்தார்?

கியூபாவிலும் பாட்டை விடவில்லை. அங்கே கரும்புத் தோட்ட வேலைக்காக ஏற்கெனவே போய்க் குடியேறியிருந்த ஹைதி மக்கள் ஏராளம். அவர்களின் மொழியையும் யாரும் மதிக்கவில்லை. அதே கிரியோலில் ஹவானா மேடைகளில் பாடினார் மார்த்தா. கியூபாவின் நட்சத்திரப் பாடகி செலியா குரூஸும் அவருடன் சேர்ந்து பாடினார். ஹைதியின் விடுதலை வரலாற்றைச் சொல்லும் 'சிம்பரேலே' என்ற கியூபா குறும்படத்திலும் 1974-ல் தோன்றினார். பிள்ளைகளையும் இசைக்குள் கொண்டு வந்தார்.

ஊருக்குத் திரும்ப மட்டும் வழியில்லை. 1957-ல் டுவாலியே ஆட்சிக்கு வந்தார். அப்பாவுக்குப் பிறகு மகன் என 29 ஆண்டுகள் அந்தக் குடும்பத்தின் சர்வாதிகாரம்தான்.

34 ஆண்டுகளுக்குப் பிறகு...

1986 பிப்ரவரியில் மக்கள் போராட்டத்துக்கு பயந்து மகன் டுவாலியே நாட்டை விட்டு ஓடினார். அதே ஆண்டு மார்த்தா ஹைதி மண்ணில் கால் வைத்தார். 33 வயதில் போனவர், 67 வயதில் தன் மக்கள் முன்னால் மீண்டும் பாடினார்.

அடுத்த ஆண்டே, 1987 அரசியல் சாசனம் கிரியோலை ஆட்சி மொழியாக அறிவித்தது. வூடூ தாளத்தோடு ராக், ஜாஸ் கலந்த 'ராசின்' இசையும் அப்போதுதான் வெளிப்படையாகப் பரவியது. 'ராசின்' என்றால் வேர் என்று அர்த்தம். 'பூக்மன் எக்ஸ்பெரியன்ஸ்' போன்ற குழுக்கள் அதை உலக மேடைகளுக்குக் கொண்டு போயின.

2001 நவம்பரில் ஹவானாவில் மார்த்தா காலமானார். அவரை நாட்டை விட்டு விரட்ட ஆட்சியாளர்களால் முடிந்தது. ஆனால் எந்த மொழியில் பாடினாரோ, அது இன்று ஹைதியின் ஆட்சி மொழி!