கேணல் ஒல்கொட்: ஒரு சபை, பல வழிகள்

ஹட்டனிலிருந்தும் நானுஓயாவிலிருந்தும் ரயிலேறி கொழும்புக்கு வரும் எங்கள் மலையகத்து ஆட்கள், கோட்டை நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரரின் சிலையைக் கடந்துதான் போகிறார்கள். கடைகளிலும் வீடுகளிலும் வேலை தேடி வரும் பிள்ளைகள் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. தெரிந்தவர்களுக்கு அவர் சிங்கள பௌத்த மறுமலர்ச்சிக்கு உரியவர். நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று நினைப்பார்கள். தொடர்பு உண்டு என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் 1832இல் அமெரிக்காவில் பிறந்தவர். அந்நாட்டின் உள்நாட்டுப் போரில் இராணுவக் கொள்வனவு மோசடிகளை விசாரித்து கேணல் பதவி பெற்றார். பிறகு சட்டத்தரணியானார். 1875இல் பிளவாட்ஸ்கி அம்மையார், வில்லியம் ஜட்ஜ் ஆகியோருடன் நியூயோர்க்கில் பிரம்மஞான சபையை நிறுவி அதன் தலைவரானார். சமயங்களுக்குள் மறைந்திருக்கும் ஞானத்தைத் தேடுவது அவர்களின் வேலை. இனம், மதம், சாதி, நிறம் பாராத மானிட சகோதரத்துவம் சபையின் முதல் நோக்கமாயிற்று.

1880 மே மாதம் காலியில் வந்திறங்கி, பிளவாட்ஸ்கியுடன் பஞ்சசீலம் ஏற்றார். மலைநாட்டில் நோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. கல்வி பெரும்பாலும் மிஷனரிகளின் கையில் இருந்தது. அவரது முயற்சியால் பௌத்த பாடசாலைகள் எழுந்தன. கொழும்பு ஆனந்தா 1886இலும், கண்டி தர்மராஜா 1887இலும் தொடங்கின. 1883 கொட்டாஞ்சேனைக் கலவரத்துக்கு நீதி கேட்டு லண்டன் சென்றார். 1885இல் வெசாக் விடுமுறை கிடைத்தது.

அவருக்கு மொழிபெயர்ப்பாளராக ஊர் ஊராகச் சென்ற இளைஞர்தான் அநகாரிக தர்மபால. பின்னர் குருவும் சீடரும் பிரிந்தார்கள். எல்லா மதங்களுக்கும் மூலம் ஒன்று என்ற சபையின் கொள்கையைத் தர்மபால ஏற்கவில்லை. தலதா மாளிகையின் புனிதப் பல்லை ஒல்கொட் ஐயுற்றது பிளவை முற்றவைத்தது. தர்மபாலவின் வழியில் இத்தீவு சிங்கள பௌத்தருக்கே உரியதாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் அந்நியராயினர்.

அதே ஒல்கொட், சபையின் தலைமையகம் இருந்த சென்னை அடையாற்றில், 1894இல் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1898இல் அயோத்திதாசர் அவரை நாடினார். அவரது உதவியோடு கொழும்பு வந்து பஞ்சசீலம் பெற்றார். திரும்பிப்போய் சாக்கிய பௌத்த சங்கம் அமைத்தார். எங்கள் லயன்களுக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் அந்தச் சாதிகளிலிருந்து புறப்பட்டவர்களே. ஒரே மனிதர் துணைநின்ற அதே பஞ்சசீலம், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் சாதியை எதிர்க்கும் கருவியானது. இந்தப் பக்கம் வேலியானது.

சபையும் உடைந்தது. மகாத்மாக்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் பற்றிய பிணக்கில், 1895இல் ஜட்ஜின் தலைமையில் அமெரிக்கக் கிளை பிரிந்தது. 1907 பெப்ரவரி 17இல் ஒல்கொட் அடையாற்றில் காலமான பின் அன்னி பெசன்ட் தலைவரானார். உலக குரு வருகிறார் என்று கிருஷ்ணமூர்த்தியை முன்நிறுத்தினார். அதைக் கண்டு, பிளவாட்ஸ்கியும் ஜட்ஜும் எழுதியதே மூலம் என்றவர்கள் தனியே நின்றார்கள். 1929இல் கிருஷ்ணமூர்த்தியே தனக்காக அமைத்த அமைப்பைக் கலைத்தார்.

ஒல்கொட்டைக் குறையற்றவர் என்று சொல்லமாட்டேன். அவரது இலங்கைப் பணி பெரும்பாலும் சிங்கள பௌத்தரைச் சுற்றியே நடந்தது. அவர் கட்டிய அமைப்புகளும் கற்றுக்கொடுத்த பிரசார முறையும் பின்னால் யார் கைக்குப் போகும் என்பதை அவர் தடுக்கவும் முடியவில்லை. 1948இல் சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவரானபோதும், 1977இல் அடிபட்டு வன்னிக்கு ஓடி, அங்கே மீண்டும் போரில் சிக்கியபோதும், சகோதரத்துவம் பேசிய குரல் அதிகாரத்தின் பக்கம் எங்கும் கேட்கவில்லை.

எந்தக் கிளை மூலத்துக்கு உண்மையானது என்று அவர்கள் இன்னும் வாதிடலாம். கடிதங்களை வைத்து நான் அதைத் தீர்மானிக்கமாட்டேன். கடைசி வரிசையில் நின்ற பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது யார் என்பதை வைத்தே பார்ப்பேன்.