தம் முகம் வரைந்த ஓவியர்

ஹாலந்து தேசத்து லைடன் நகரிலே, காற்றாலையில் தானியம் அரைத்து வாழ்ந்த ஒருவருக்கு 1606-ம் ஆண்டு ஜூலை மாதம் 15-ம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே பிற்காலத்தில் ஓவிய உலகம் போற்றும் ரெம்பிராண்ட் ஆயிற்று. இலத்தீன் பாடசாலையிற் பயின்று, 1620-ல் லைடன் சர்வகலாசாலையில் பெயர் பதியப்பெற்றும், அவருள்ளம் ஏட்டை நாடாது தூரிகையையே நாடிற்று.

பிறர் முகத்தை வரைவதற்குப் பிறர் இசைவு வேண்டும், கூலியும் வேண்டும். தம் முகத்தை வரைவதற்கோ ஒரு கண்ணாடி போதும். ஆகவே இளமையில் அவர் கண்ணாடியின்முன் நின்று, நகைத்தும் சினந்தும் வியந்தும் தம் முகத்தையே பாடமாகக் கொண்டார். அப்பழக்கம் இறுதிவரை நீங்கவில்லை. வண்ணத்தில் தீட்டியன ஏறக்குறைய 40, செப்புத்தகட்டில் எழுதி அச்சிட்டன ஏறக்குறைய 30 என அவர்தம் சுய உருவங்கள் பலவாம்.

ஆம்ஸ்டர்டாம் நகரிற் குடியேறிய பின்னர் செல்வமும் புகழும் அவரைத் தேடி வந்தன. 1634-ல் ஸாஸ்கியா என்னும் நங்கையை மணந்தார். 1639-ல் 13,000 கில்டர் விலைக்கு மாளிகையொன்று வாங்கினார். அடுத்த ஆண்டு தீட்டிய சுய உருவத்தில், முந்திய நூற்றாண்டின் சிறந்த ஆடை புனைந்து, இத்தாலிய ஓவியர் ரபேலும் டிஷியனும் வகுத்த பாங்கிலே கைப்பிடிச் சுவரின்மீது முழங்கையூன்றி நிற்கிறார். அப்பெரியார் வரிசையில் தமக்கும் ஓர் ஆசனம் உண்டென்பதே அம்முகம் கூறும் செய்தி.

ஆனால் செல்வம் நிலைக்கவில்லை. 1642-ல் மனைவி இறந்தாள். 1656-ல் கடன் மிகுந்து, வீடும் சேகரித்த கலைப்பொருள்களும் பின்னர் விலையாயின. 1661-ல் தம்மையே அப்போஸ்தலர் பவுலாக வரைந்தார். வாளும் ஏடும் உடனிருப்பினும், சுருக்கம் விழுந்த அந்நெற்றி ஆலைக்காரர் மகனுடையதே. 1663-ல் துணைவி ஹென்ட்ரிக்யேயும், 1668-ல் மைந்தன் டைட்டஸும் மறைந்தனர்.

அதற்கடுத்த ஆண்டில், 63-ம் வயதில், அவர் தீட்டிய சுய உருவமொன்று லண்டன் தேசிய ஓவியசாலையில் உள்ளது. பகட்டான கோலம் அதில் இல்லை, கைகள் கோத்திருக்கின்றன. எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. முதலில் அக்கையில் தூரிகை ஏந்தியவாறே வரைந்திருந்தார். பின்னர் அதனை மறைத்துக் கைகோத்த நிலையாக மாற்றிவிட்டார்!

தூரிகையை ஏன் நீக்கினார்? அவர் காரணம் எழுதி வைத்தாரல்லர். படமே நமக்குச் சான்று. இளமையில், தாம் ஓவியரென்பதை உலகம் ஒப்புக்கொள்ள ஆடையும் தோரணையும் வேண்டியிருந்தன. முதுமையில் தொழிற்கருவியும் வேண்டியதாயில்லை. கையினின்று மறைந்த தூரிகை, தடித்த வண்ணத்தால் அம்முகத்தைச் சமைத்த ஒவ்வொரு தீற்றிலும் காணப்படுகின்றதன்றோ? கலைஞன் இன்னான் என்பதை அவன் ஏந்திய பொருள் காட்டுவதில்லை. அவன் செய்த வேலையே காட்டுகின்றது.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் 4-ம் நாள் ரெம்பிராண்ட் காலமானார். வெஸ்டர்கெர்க் ஆலயத்தில் பெயர் பொறியாத கல்லறையொன்றில் அடக்கம் செய்யப்பெற்றார். பட்டமும் பதவியும் நாடிக் கல்லூரியினின்று புறப்படும் மாணவ நண்பர்களுக்கு, அவர் விடுத்துச் சென்ற முகங்கள் ஒன்று உணர்த்தும்: கண்ணாடியில் நம்மை உள்ளவாறு காண்பதும் ஒரு கல்வியே; அதற்கு ஓர் ஆயுள் வேண்டும்.