தொழிலைக் கேட்ட வைத்தியர்

நோயென்று வந்தவரிடம் அவர் செய்யும் வேலையையும் விசாரிக்க வேண்டும் என்று வைத்தியர்களுக்குக் கற்பித்தவர் பெர்னார்டினோ ரமஸீனி. இத்தாலியில் கார்ப்பி என்ற ஊரில் 1633-ல் பிறந்தார். பேராசிரியராக இருந்தும் பட்டறைகளுக்குத் தாமே சென்று தொழிலாளரிடம் கேட்டறிந்தார். 1700-ல் வெளியிட்ட நூலில், கல்தச்சர் நுரையீரலில் தூசி படிவதையும், தானியம் சலிப்போருக்கு இழுப்பு வருவதையும் எழுதினார். பார்வை குன்றிய முதுமையிலும் 1713-ல் அதை விரிவாக்கி, மறு ஆண்டு பதுவா நகரில் காலமானார்.

அந்தக் கல்தூசி நோய், தமிழர் பெருந்தொகையாக உழைத்த கோலார் தங்கவயலில் கண்டறியப்பட்டது 1934-ல்தான்! கௌதள்ளி வட்டாரத்திலிருந்து கல் குவாரிக்குப் போகிறவர்கள், டாக்டர் கேட்காவிட்டாலும் வேலையைச் சொல்வது நல்லது. காசநோய் என்றெண்ணி மருந்து கொடுத்துவிடுவதுண்டு. படிந்த தூசியை அகற்ற மருந்தில்லை. துளையிடும்போதே தண்ணீர் விட்டு அடக்க வேண்டும்.