சீர்காழி அரங்கநாதனார்

சென்ற கோடை விடுமுறையில், அறந்தாங்கியை அடுத்த எம் சிற்றூர் இல்லத்தில், மருத்துவம் பயிலும் என் தமக்கையார் மூன்று இரவுகள் கண்விழித்து ஒரு வேலை செய்தார். அவர் அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையை ஓர் ஆய்விதழார் திருப்பிவிட்டனர். பொருளிற் குற்றமில்லை, இறுதியில் அமைந்த மேற்கோட் குறிப்புக்கள் முறைப்படி இல்லையென்பதே காரணம். காற்புள்ளியிருந்த இடத்தில் முற்றுப்புள்ளி வேண்டுமாம். விரித்தெழுதிய இதழ்ப் பெயரைச் சுருக்க வேண்டுமாம். இதற்கோ இத்துணைப் பாடு என்று யான் நகைத்தேன். பின்னர், நம் நாட்டில் இத்துறைக்குத் தந்தையாய் விளங்கிய ஒருவரின் வரலாற்றைப் பயின்றபோது அந்நகைப்பு நாணமாயிற்று. அவரே சீ. இரா. அரங்கநாதனார்.

தஞ்சைத் தரணியைச் சார்ந்த சீர்காழிப் பகுதியில் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இவர் தோன்றினார். ஆறு வயதிலேயே தந்தையார் இராமாமிருதம் காலமானார். இளமையில் திக்குவாயும் இவரை வருத்தியது. சீர்காழியிற் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை அடைந்தார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்திலன்று, நகரின் நடுவே இருந்தது. ஆங்கே கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியரின் அன்பு இவர்க்கு வாழ்நாள் முழுதும் துணையாயிற்று. மிஷன் கல்லூரியில் பயிலும் நாம் அவ்வாசிரியரையும் மறத்தலாகாது. 1916-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, மங்களூர், கோயமுத்தூர், சென்னை ஆகிய நகரங்களில் கணித ஆசிரியராய்ப் பணியாற்றினார்.

1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பெற்றார். விரும்பி ஏற்ற பதவியன்று அது. மாணவர் நடுவே வாழ்ந்தவர்க்கு நூலடுக்குகளின் தனிமை பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே மாநிலக் கல்லூரித் தலைவரிடம் சென்று, பழைய வேலையைத் தரவேண்டுமென இரந்தார். இலண்டன் சென்று நூலகக் கலையைக் கற்று வருக, அதன்பின்னும் மனம் மாறாதாயின் பார்ப்போம் என்னும் கருத்தில் அவர் விடையளித்தார். அங்ஙனமே சென்றவர் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கடையில், சிறு உலோகத் துண்டுகளைத் திருகாணியாற் பூட்டி விதவிதமான பொறிகள் செய்து காட்டும் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். எந்த நூலின் பொருளையும் இவ்வாறே உறுப்புக்களாகப் பிரித்து மீண்டும் இணைக்கலாமே என்னும் எண்ணம் அங்கே முளைத்தது. கோலன் பகுப்பு முறை என 1933-இல் வெளிவந்தது அதுவே. 1925-இல் திரும்பியவர் கணிதத்துக்கு மீளவில்லை.

நூலகத் தொழிலுக்கு அடிப்படையான நெறிகள் யாவையென இவர் பல நாள் மயங்கியதுண்டு. 1928-இல் ஒருநாள் அதனைத் தம் ஆசிரியர் ராஸிடம் கூற, நூல் பயன்படுத்துதற்கே என்னும் முதல் நெறியை அவர் எடுத்துரைத்துச் சென்றாராம். எஞ்சிய நான்கும் அதன்பின் எளிதில் அமைந்தன. 1931-இல் நூலாக வெளிவந்த அவ்வைந்தனுள் நான்காவது, படிப்பவரின் காலத்தைக் காத்தல் வேண்டுமென்பது. தமக்கையாரின் புள்ளிகளும் காற்புள்ளிகளும் எதற்கென்பது இவ்விடத்தே எனக்கு விளங்கிற்று. யாரோ ஒரு மருத்துவர், நோயாளி காத்திருக்க, ஒரு குறிப்பைப் பற்றிக்கொண்டு மூலக் கட்டுரையைத் தேடுகின்றார். ஆண்டோ பக்கமோ பிழையாயின் அவர் எங்கே போவார்?

1934-இல் நூற்பட்டியல் அமைக்கும் விதிகளைத் தனி நூலாக வெளியிட்டார். அதில் நம்மவர் பெயர்களைப் பற்றி இவர் கொண்ட கவலை பெரிது. தமிழர்க்குக் குடிப்பெயர் இல்லை. ஊர் முன்னும், தந்தை பெயர் அடுத்தும், தம் பெயர் இறுதியிலும் நிற்கும். சீர்காழி ஊர், இராமாமிருதம் தந்தை, அரங்கநாதன் இவர். மேனாட்டு மருத்துவ இதழாசிரியர்கள் 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரிற் கூடி வகுத்த முறையிலோ, குடிப்பெயர் முதலிலும் ஏனையவற்றின் முதலெழுத்துக்கள் பின்னும் வரும். தம் பெயரை முன்னெழுதித் தந்தை பெயரைப் பின்னெழுதும் தமிழர்க்கு அங்கே தந்தையாரே கட்டுரையாசிரியர் ஆகிவிடுகின்றார்! தமக்கையாரின் பட்டியலில் ஒரே தமிழ் மருத்துவர் இரு பெயர்களில் இரு மனிதராய் நின்றதைக் கண்டேன். எம் புதுக்கோட்டை ஈன்ற டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரையும் அம்முறையில் ரெட்டி என்றே தேடவேண்டும். இறுதிச் சொல் எதுவாயினும், ஒருவரைக் குறிக்கும் உயிர்ச்சொல்லே தலைப்பாதல் வேண்டுமென்பது அரங்கநாதனாரின் துணிபு.

சென்னையை விட்டு நீங்கியபின் காசியிலும் தில்லியிலும் பணிபுரிந்தார். 1948-இல் சென்னை மாகாணத்துப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது இவருடைய இடையறா முயற்சியின் பயன். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தில் ஆவணத் துறைக் குழுவுக்கு நெடுங்காலம் தலைமை தாங்கினார். நூற்குறிப்புக்களை எழுதும் முறைபற்றி அந்நிறுவனம் 1963-இல் ஒரு தரம் வெளியிட்டது. 1962-இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தை நிறுவினார். தாம் தேடிய செல்வத்தில் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு ஈந்து, மனைவியார் சாரதையின் பெயர் விளங்க ஒரு பேராசிரியர் பதவி அமையச் செய்தார். 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரில் உயிர்நீத்தார்.

மூன்றாம் இரவில் யானும் விளக்கருகே அமர்ந்து, தமக்கையார் படிக்கப் படிக்கப் பக்க எண்களைச் சரிபார்த்தேன். நாற்பத்தொரு குறிப்புக்களில் ஏழு பிழைகள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆண்டுப் பிழை. கட்டுரை மறுபடியும் அனுப்பப்பெற்றுள்ளது. விடை இன்னும் வரவில்லை.