காற்றிலே வந்த கலைஞர் கே.எஸ். ராஜா

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

கலைஞர்கள் யார் என்று கேட்டால் கவிஞரைச் சொல்வோம், ஓவியரைச் சொல்வோம், சிற்பியைச் சொல்வோம். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே பேசுகிற வானொலி அறிவிப்பாளரை அந்த வரிசையில் உட்கார வைக்க நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் அவ்வரிசையில் இடம் பெறத் தகுதி படைத்த ஒருவர் கடலுக்கு அப்பால் இருந்தார். அவர்தாம் கனகரத்தினம் ஸ்ரீஸ்கந்தராஜா. நம் தாத்தா பாட்டிமார்க்குக் கே.எஸ். ராஜா என்றால்தான் தெரியும்.

யாழ்ப்பாண மண் தந்த செல்வம் அவர். அவர் வருமுன்பே களம் ஆயத்தமாகிவிட்டது. 1952-ல் மத்திய அமைச்சரான கேஸ்கர் திரைப்பாடல்களை மட்டமானவை என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடம் சுருங்கிற்று. வேண்டாம் என்று தள்ளிய பாட்டை இலங்கை வானொலி வாரி எடுத்துக்கொண்டது. மயில்வாகனன் போன்றோர் தமிழ் நேயர்களை முன்னரே அங்கே இழுத்திருந்தனர். 1972-ல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் மாறிய அந்நிலையத்தின் வர்த்தக சேவையில், 1970-களில் ராஜாவின் குரல் கொடி கட்டிப் பறந்தது.

கொழும்பில் பேசியது இராசபாளையத்தில் எப்படிக் கேட்டது? இயற்பியல் மாணவனாகிய நான் இதைச் சொல்லாமல் போனால் ஆசிரியர்கள் மன்னிக்க மாட்டார்கள். மத்திய அலை தரையைத் தழுவிச் செல்வது. உப்புக் கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், கடல்மேல் அவ்வலை அதிகம் தேயாமல் நெடுந்தொலைவு வருகிறது. இரவிலோ, பகலில் அலையை விழுங்கும் அயனிமண்டலக் கீழடுக்கு மறைந்துவிட, மேலடுக்கு அதனைத் திருப்பி அனுப்புகிறது. 1963-ல் திருநெல்வேலியில் நம் வானொலி நிலையமே வந்த பின்னும், பஞ்சாலைத் தெருக்களிலும் திருவில்லிபுத்தூர் தேநீர்க் கடைகளிலும் முள் இலங்கைப் பக்கமே நின்றது என்பார் என் பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாத அவர், ஒரு பாட்டைக் கேட்டதும் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நான்கையும் சொல்வார். ஒவ்வொரு பாட்டுக்கும் அவற்றைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர்கள் இலங்கை அறிவிப்பாளர்களே. அவருக்கு வாய்த்த பள்ளிக்கூடம் அது ஒன்றுதான்!

ராஜாவின் தனித்தன்மை வேகம். மூச்சு விடாமல் கொட்டுவார். ஆனால் ஒரு லகரமும் ளகரமும் இடம் மாறாது. திரைவிருந்து நிகழ்ச்சியில் அவர் செய்தது இன்னும் புதுமை. புதுப்படத்தின் வசனங்களைத் துண்டு துண்டாக வெட்டி எடுப்பார். தாமே கேள்வி கேட்பார்; கதாநாயகன் பதில் சொல்வதுபோல் அத்துண்டை ஒட்டுவார். விளம்பரம்தான், மறுக்கவில்லை. எனினும் படத்தைக் காட்டிலும் விளம்பரம் சுவையாக இருந்ததென்று சொல்வோர் உண்டு. மக்கள் வங்கியின் வினோத வேளை என்னும் போட்டி நிகழ்ச்சியிலும் அவர் நாக்கின் விரைவுக்கு எதிரே நின்று பிடிப்பது எளிதன்று.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் நியூயார்க்கில், இசைத்தட்டை வெட்டி ஒட்டி அதன்மேல் தாளத்தோடு பேசும் ஹிப்-ஹாப் கலை பிறந்தது. 1982-ல் மிஸ்டர் மேஜிக் என்பவர் அங்குள்ள பெரிய வானொலி ஒன்றில் அதற்கென்றே நிகழ்ச்சி நடத்தி, தெருக்கலையை வீட்டுக்குள் கொண்டு சேர்த்தார். அவர்கள் ஏழைக் கறுப்பின மக்களின் புதுக் கலையைப் பரப்பினர். ராஜா, மேலோர் ஒதுக்கிய திரைப்பாட்டைப் பரப்பினார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டதில்லை. கருவி மட்டும் ஒன்று. நம் பக்கத்தில் திருவிழா மேடையில் ஒலிவாங்கி பிடித்த பலரும் ராஜாவைப் போலவே பேச முயன்றனர் என்று பெரியவர்கள் கூறுவர். அவர்களில் எத்தனை பேருக்கு மூச்சு போதியதோ!

1983 சூலைக் கலவரம் அவர் வாழ்வையும் புரட்டியது. தமிழ்நாட்டில் சிலகாலம் இருந்தார். பிறகு தாயகம் திரும்பினார். 1994-ல் கொழும்பில் அவரைக் கொன்றுவிட்டனர். கொன்றவர் எவராயினும், குரல் ஒன்றையே உடைமையாகக் கொண்ட மனிதரிடம் அவர்கள் எதைக் கண்டு அஞ்சினர் என்பது எனக்கு விளங்கவேயில்லை.

அக்காலத்தில் நேயர்கள் சிலர் வானொலி அருகே ஒலிநாடாப் பெட்டியை வைத்துப் பதிந்துகொண்டனர். அந்தப் பதிவுகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இடையிடையே கடல் இரைச்சல் போன்ற கரகரப்பு. அதைக் கிழித்துக்கொண்டு ராஜா ஒரு படத்துக்கு அழைக்கிறார். அந்தப் படத்தின் பெயர் இப்போது யாருக்கும் நினைவில்லை.