ஃபுளோரா திரிஸ்தான்: சட்டம் விலக்கிய வாழ்வும் தொழிலாளர் ஒன்றியமும்

பன்னாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாறு பெரும்பாலும் 1864-ஆம் ஆண்டு இலண்டனில் உருவான பன்னாட்டுத் தொழிலாளர் சங்கத்திலிருந்தே தொடங்கப்பெறுகிறது. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, தொழிலாளர் அனைவரும் ஒரே வர்க்கமாகத் திரளவேண்டும் என்னும் திட்டத்தை நூல்வடிவில் முன்வைத்தவர் ஃபுளோரா திரிஸ்தான் (1803-1844). அத்திட்டத்தில் பெண்ணுரிமை இன்றியமையா இடம்பெற்றதற்கு அவர்தம் வாழ்வே அடிப்படை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பாரிசில் பிறந்த ஃபுளோராவின் தந்தை பெரு நாட்டைச் சேர்ந்த படைத்தலைவர். தாய் பிரெஞ்சுப் பெண். பெற்றோரின் திருமணம் சமயச் சடங்கோடு நின்றது. அரசின் ஏற்பைப் பெறவில்லை. 1807-இல் தந்தை இறந்தபின் குடும்பம் வறுமையுற்றது. அச்சுப்படங்களுக்கு வண்ணந்தீட்டும் கூலிப்பணி செய்த ஃபுளோரா, 1821-இல் பட்டறை உரிமையாளர் அந்திரே ஷசாலை மணந்து, 1825-இல் பிரிந்தார். பிரான்சில் 1816-இலேயே மணமுறிவு நீக்கப்பட்டிருந்தமையால் சட்டத்தின் முன் அவர் மனைவியாகவே நீடித்தார். தந்தைவழிச் சொத்துரிமை நாடி 1833-இல் பெருவுக்குக் கப்பலேறினார். பெற்றோரின் மணம் செல்லாது என்பதைக் காட்டித் தந்தையின் உடன்பிறந்தார் பங்கு தர மறுத்தார்.

இவ்வனுபவங்களைக் கூறும் நூல் 1838-இல் வெளிவந்தது. அதன் தலைப்பில் அவர் தம்மைப் 'பரியா' எனக் குறித்துக்கொண்டமை தமிழாய்வாளர் நோக்கத்தக்கது. பறையர் என்னும் தமிழ்ச் சமூகப் பெயரே ஐரோப்பிய மொழிகளில் புகுந்து அவ்வடிவம் பெற்றது. அச்சமூகத்தின் வாழ்வும் உழைப்பும் கலையும் மறைக்கப்பட்டு, விலக்கப்பட்ட நிலை மட்டுமே அங்குச் சொற்பொருளாக எஞ்சியது. ஃபுளோரா அப்பொருளை இரங்கலாக அன்றிச் சட்டத்தின் மீதான குற்றச்சாட்டாகக் கையாண்டார். அதே ஆண்டில் கணவர் அவரைத் தெருவில் துப்பாக்கியால் சுட்டார். ஃபுளோரா பிழைத்தார், ஷசால் 20 ஆண்டுக் கடுந்தண்டனை பெற்றார்.

இங்கிலாந்தின் ஆலைகளையும் சிறைகளையும் நேரிற்கண்டு 1840-இல் இலண்டன் பற்றிய நூலை வெளியிட்டார். 1843-இல் 'தொழிலாளர் ஒன்றியம்' என்னும் நூலை எழுதினார். பதிப்பாளர் மறுக்கவே, வீடுதோறும் சென்று நன்கொடை திரட்டி அச்சிட்டார். தொழிலாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2 பிராங்க் செலுத்தினால் 70 இலட்சம் பேரிடமிருந்து 140 இலட்சம் பிராங்க் சேரும். அதனைக்கொண்டு சிறார் கல்விக்கும் முதியோர், உடலூனமுற்றோர் பேணலுக்கும் மாளிகைகள் எழுப்பலாம் என்று கணக்கிட்டார். பிறர் ஈகையை நம்பாது தம் பொருளால் தாமே அமைப்பாதல் இதன் உட்கிடை. பெண்ணுக்குக் கல்வியும் உரிமையும் மறுக்கப்படும்வரை ஆண் தொழிலாளியின் விடுதலையும் நிறைவுறாது என்பதற்கு அந்நூலில் தனி இயலே வகுத்தார்.

1844-இல் நகர்தோறும் சென்று தொழிலாளரிடையே இத்திட்டத்தைப் பரப்பிய அவர், நவம்பர் 14-இல் போர்தோ நகரில் தம் 41-ஆம் வயதில் நோயுற்று இறந்தார். 1848-இல் தொழிலாளர் நிதி திரட்டி அங்கு நினைவுச்சின்னம் எழுப்பினர்.

1866-இல் செனீவாவில் கூடிய பன்னாட்டுச் சங்கத்தின் முதல் பேராயத்தில் பிரெஞ்சுப் பேராளர் பெரும்பான்மையோர் பெண்கள் கூலிவேலை செய்வதையே எதிர்த்தனர். ஃபுளோரா நினைவில் நின்ற அளவிற்கு அவர்தம் கருத்து ஏற்கப்படவில்லை என்பது இதனால் பெறப்படும். தொழிலாளர் ஒற்றுமைக்குப் பெண்ணுரிமை முன்நிபந்தனை என்னும் அவர் கருத்தையும் உள்ளடக்கியே அவ்வியக்கத்தின் தொடக்கத்தை வரையறுத்தல் பொருந்தும்.