தேடும் கலை தந்த சீர்காழியார்

நம் புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ். ஆர். இரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, சிறு உறுப்புகளை இணைத்துப் பல பொம்மைகள் செய்யும் விளையாட்டுப் பெட்டியைக் கடையொன்றில் கண்டார். நூற்பொருளையும் இவ்வாறே பகுத்து இணைக்கலாமே என எண்ணினார். 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். மருத்துவ நூலென்றால் உறுப்பு, நோய், சிகிச்சை எனப் பிரித்து எண்ணிட்டு, முக்காற்புள்ளியால் இணைத்தார்.

இன்று கணினியில் ஆய்வுக் கட்டுரை தேடும் மருத்துவரும், நோயாளி யார், நோய் எது, சிகிச்சை எது என்று கேள்வியைப் பகுத்தே தேடுகிறார். பகுக்காமல் தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து குவியும், நோயாளியோ காத்திருப்பார்!

வாசகரின் நேரத்தைக் காக்க வாழ்ந்த அப்பெரியார் 1972-இல் மறைந்தார். தோழியரே, நாமும் நூலகத்துள் நுழையுமுன் நம் கேள்வியைப் பகுத்துப் பழகுவோமாக!